பாட்டியின் தையல் மெஷினில் மிச்சமிருக்கும் தங்கம்: கறுப்புப் பூச்சையும் சித்திரங்களையும் மீட்பது எப்படி

ஆயுத பூஜை நெருங்கும் வாரத்தில்தான், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய தையல் மெஷினைத் துடைத்துப் புதிதுபோல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை நமக்கு வரும். பினாங்கில் அதுதான் இந்த வேலைக்கு ஆகவே ஆகாத காலம். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை கொட்டும். காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது பூசினால், மெஷினுக்குக் காப்பாகப் போடும் அரக்குப் பூச்சு பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். எங்கள் தீவில் நன்றாகக் காய்கிற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். ஆகவே தீபாவளி முடிந்ததும் சுத்தம் செய்ய ஆரம்பியுங்கள். பூச்சு வேலையைத் தைப்பூசத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு மெஷின் தயாராக இருக்கும்.

நான் முதலில் கைவைத்தது என் பாட்டியின் சிங்கர் மெஷினில். கெடாவில் தோட்டத்து லயத்தில் இருந்தபோது வாங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அதில்தான் தைத்திருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது. அடுப்படி மேடையைத் துடைக்கிற ஸ்ப்ரேயை அடித்து, அழுக்குப் போகட்டும் என்று அழுத்தித் துடைத்தேன். அழுக்கு வந்தது, கூடவே தங்கமும் வந்தது. மெஷினின் மேலே கிடையாக நீளும் பகுதியைக் கை என்பார்கள்; அதன் முன்பக்கத்தில் இருந்த பூவேலை ஒரே இழுப்பில் வெளிறிய வெள்ளிக் கோடாகிவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அந்த ஒரு இழுப்பு உங்கள் கையால் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மிச்சமிருக்கும் தங்கத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. புதிதாக ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் வேறு வழியே இல்லாதபோது.

அந்தக் கறுப்பு என்ன, அந்தத் தங்கம் என்ன

மெஷினின் உடம்பு வார்ப்பிரும்பு. அதன்மேல் இருக்கும் ஆழ்ந்த கறுப்பு சாதாரணப் பெயின்ட் இல்லை. தார் போன்ற இயற்கை நிலக்கீலை ஆளிவிதை எண்ணெயிலும் டர்ப்பன்டைனிலும் கரைத்துப் பூசி, சூளையில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள். ஜப்பானிய அரக்கு வேலையைப் பார்த்து ஐரோப்பியர் உண்டாக்கிய முறை என்பதால் இதற்கு ஜப்பான் பூச்சு என்றே பெயர் வந்தது. நூறு வருஷமானாலும் கறுப்புக் கண்ணாடி மாதிரி நிற்கும்.

தங்கச் சித்திரங்கள் கையால் வரைந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தாளில் அச்சிட்டு, அதிலிருந்து கறுப்பின்மேல் இறக்கிய மெல்லிய படலம் அது. டிகால் என்பார்கள். அதைக் காக்க மேலே ஒரு தெளிவான வார்னிஷ் பூச்சு உண்டு. ஆக, இரும்பு, கறுப்பு, தங்கம், வார்னிஷ் என்று நான்கு அடுக்கு. துணி வைக்கும் இடத்திலும், தைப்பவரின் முழங்கை உரசும் விளிம்பிலும் வார்னிஷ் முதலில் தேயும். அது போன பிறகு தங்கத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. சோப்புத் தண்ணீர், ஸ்பிரிட், அமோனியா கலந்த எதுவும் அதைக் கரைத்தோ உரித்தோ எடுத்துவிடும். நான் கெடுத்தது அப்படித்தான்.

உங்கள் மெஷின் சிங்கராக இருந்தால், மாடல் எண்ணின் பின்னால் 15கே, 66கே, 201கே என்று ஒரு ‘கே’ இருக்கிறதா பாருங்கள். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் கில்போவி தொழிற்சாலையில் செய்தது என்று அதற்கு அர்த்தம். 1980-இல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அடித்தட்டில் இருக்கும் வரிசை எண் எஃப், ஒய் எழுத்துகளில் தொடங்கினாலும் அதே இடம்தான். சித்திரங்களுக்கும் சேகரிப்பவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 27, 127 மாடல்களில் எகிப்திய ஸ்ஃபிங்க்ஸ் உருவம் வரும். அமெரிக்காவில் செய்த 66-இல் சிவப்பும் பச்சையும் கலந்த ‘ரெட் ஐ’. கிளைட்பேங்கில் செய்த 66கே-யில் தாமரை. அந்தத் தாமரை மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து நிதானமாகக் கைவையுங்கள்.

1950-களில் வந்த பழுப்பு நிற மெஷின்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவை எனாமல் பெயின்ட் அடித்தவை. கார் பாலிஷே போதும்.

தொடுவதற்கு முன்

டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். தங்கத்தின்மேல் பழுப்பாக ஒட்டியிருப்பது அழுக்கு. பளபளப்பே இல்லாமல் மங்கிய இடத்தில் வார்னிஷ் போயிருக்கிறது. விரல் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் என்றால் கறுப்பே பெயர்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிறகு போட்டோ எடுங்கள். எல்லாப் பக்கமும், நல்ல வெளிச்சத்தில். கூடவே டிரேசிங் பேப்பரை வைத்து ஒவ்வொரு சித்திரமும் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பென்சிலால் படியெடுத்து வையுங்கள். தேவைப்படாமல் போகலாம். தேவைப்படும்போது அது இல்லையென்றால் எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது.

கழற்ற வேண்டியவை கொஞ்சம்தான்: ஊசிப் பக்கத்து முகப்புத் தட்டு, பின்பக்க வட்டத் தட்டு, பாபின் மேல் நகரும் தட்டுகள், பாபின் சுற்றும் கருவி, சக்கரம். நூல் இறுக்கத்தைச் சரிசெய்யும் பாகத்தை முதல் தடவையிலேயே பிரிக்காதீர்கள்; டேப் ஒட்டி மூடிவிட்டால் போதும். சிங்கர் ஆணிகளின் மரை அவர்களுக்கே உரியது. ஹார்டுவேர் கடையில் மாற்று கிடைக்காது. பிளவுக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியைப் பயன்படுத்துங்கள். வராத ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வரை பொறுங்கள். ஒவ்வொரு பாகத்தின் ஆணிகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள்.

மோட்டாரும் விளக்கும் பொருத்திய மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி வையுங்கள். பழைய ரப்பர் உறை பொடிந்த வயர்களை ஒரு வயர்மேனிடம் கொடுத்து மாற்றாமல் மறுபடி மாட்ட வேண்டாம்.

எண்ணெயால் குளிப்பாட்டுவது

தேவையானது சாதாரணத் தையல் மெஷின் எண்ணெய், பழைய வெள்ளை வேட்டித் துணி, காது குடையும் பஞ்சுக்குச்சி. அவ்வளவுதான். மற்றபடி ஒன்றுமே வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன்.

முதலில் கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். கையைத் தாங்கி நிற்கும் தூணின் பின்பக்கம் அடியில் ஒரு சின்னத் தங்கக் கோடு பெரும்பாலும் இருக்கும். எண்ணெய் தொட்ட பஞ்சுக்குச்சியை அதில் மெல்ல உருட்டுங்கள். பஞ்சில் பழுப்பு வந்தால் நல்லது. மினுமினுப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தச் சித்திரத்தை இனித் துடைக்கக் கூடாது. நேராக அரக்குப் பூசி மூட வேண்டியதுதான்.

சோதனையில் தேறினால், மெஷின் முழுக்க எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். கறுப்புப் பகுதியில் கொஞ்சம் அழுத்தலாம். தங்கத்தின்மேல் துணியை வைத்துத் தேய்க்கவே கூடாது. பஞ்சுக்குச்சியை உருட்டி உருட்டி எடுங்கள், அழுக்கானதும் புதுக்குச்சி. நான் ஒரு மெஷினுக்கு நான்கு நாள் எடுத்துக்கொள்கிறேன். நாலாவது நாள் பழுப்புக்கு அடியிலிருந்து சிவப்பும் பச்சையும் எட்டிப் பார்க்கும்போது, அத்தனை பொறுமைக்கும் அந்த ஒரு பார்வை போதும்.

நம் வீட்டு மெஷின்களுக்கென்றே இரண்டு பிரச்சினை உண்டு. ஒன்று தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்த நாளில் அடுப்படியிலிருந்து எடுத்து விட்டிருப்பார்கள். அது வருஷக்கணக்கில் இறுகித் தேன் நிறப் பிசினாக ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்களில் அதை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் இளக்கி எடுங்கள். பிறகு மெஷின் எண்ணெய் விடுங்கள். வெளிப்பக்கத்தில், தங்கத்தை ஒட்டி இருந்தால் மண்ணெண்ணெய் வேண்டாம். மெஷின் எண்ணெயிலேயே இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். பிளேடால் சுரண்டாதீர்கள்.

இன்னொன்று சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தூணின் நடுவிலும் கையின் மேலும் பொட்டு வைத்திருப்போம். சந்தனத்தைத் தண்ணீரில்தானே குழைக்கிறோம்! அந்த ஈரம் வார்னிஷை வெளுக்க வைக்கும். காய்ந்த பொட்டைச் சுரண்டும்போது கீழே இருக்கும் தங்கமும் சேர்ந்து வரும். பல மெஷின்களில் சித்திரத்தின் நடுவே வட்டமாக ஒரு வெறுமை இருப்பது இதனால்தான். காய்ந்த சந்தனத்தின்மேல் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தானாகக் குழைந்த பிறகே எடுங்கள். குங்குமச் சிவப்பு ஏறியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். அது பாட்டி வைத்தது.

பித்தளையும் நிக்கலும்

தூணில் இருக்கும் முட்டை வடிவப் பித்தளைச் சின்னத்தைக் கழற்ற வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோல இதற்குப் போட்டால், அந்தப் புளிப்பு விளிம்புக்கு அடியில் இறங்கிவிடும். கடையில் விற்கும் பிராஸோ பாலிஷிலோ அமோனியா உண்டு. ஆகவே சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பஞ்சுக்குச்சி நுனியில் பிராஸோ துளி எடுத்து, சின்னத்தின் நடுவில் மட்டும் துடையுங்கள். கழற்றி வைத்த நிக்கல் தட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மிக நைஸான இரும்புப் பஞ்சால் தேய்த்து, ஆட்டோசோல் என்ற உலோக பாலிஷ் போட்டால் முகம் தெரியும்.

பெயர்ந்த கறுப்பு

சின்னப் பள்ளங்களை மட்டும் நிரப்புங்கள். மாடல் கார், விமானம் செய்பவர்கள் வாங்கும் கறுப்பு எனாமல் ஒரு சின்ன டப்பா போதும். துரு இருந்தால் உப்புத்தாளை மடித்து அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் சுரண்டி எடுங்கள். நுனிப் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் அடுத்த சொட்டு. ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் கிடக்கும். நகப்பூச்சு வேண்டாம். அதில் இருக்கும் கரைப்பான் சுற்றியிருக்கும் பழைய பூச்சையும் இளக்கும்.

அரக்கு

இதுதான் உயிரான கட்டம். மங்கிய வார்னிஷுக்குப் பதிலாகப் புதிய காப்பு கொடுப்பது. தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று மேசைக்குப் போடுவார்களே, அதே அவலரக்குதான். மரத்தில் பூச்சி சுரக்கும் அரக்கைச் சுத்தம் செய்து, அவல் மாதிரித் தட்டையான செதில்களாக்கி விற்பார்கள். அதைப் பின்னால் வேண்டாம் என்றால் ஸ்பிரிட்டால் எடுத்துவிடலாம். பாலியூரித்தேன் போன்ற வார்னிஷ்களைப் பூசினால் அப்படிச் சுலபமாகத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால்தான் எனக்கு அரக்கின்மேல் இவ்வளவு பிடிப்பு.

முதலில் மெஷினில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்தெடுங்கள். அது அரக்கைக் கரைக்காது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும்; சாமி விளக்கு எரியும் அறையில் செய்யாதீர்கள்.

100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் செதில். ஸ்பிரிட் 95 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலாக இருக்கட்டும். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம், பூச்சு கலங்கும். கண்ணாடிப் புட்டியில் கரையுங்கள். தகர டப்பாவில் வைத்தால் இரும்பு பட்டு அரக்கு கறுத்துவிடும். ஒரு ராத்திரி ஊறட்டும், அவ்வப்போது குலுக்குங்கள், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நம் வெப்பத்தில் கரைத்த அரக்கு ரொம்ப நாள் தாங்காது. பயன்படுத்தும் முன் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் கடினமாகக் காயாமல் பிசுபிசுத்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பஞ்சை எலுமிச்சை அளவு உருட்டி, வேட்டித் துணியில் முடிச்சுப் போடுங்கள். அரக்கைப் பஞ்சில் ஊற்றி, தாளில் ஒற்றி எடுங்கள். கையில் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. கோலத்தில் நீளக் கம்பி இழுக்கும்போது நடுவில் கை நிற்காதே, அப்படி இழுங்கள். ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் கையை எடுத்துவிடுங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் பழைய வார்னிஷ் கரைந்து துணி ஒட்டிக்கொள்ளும். இழுத்த இடத்துக்கு உடனே திரும்பப் போகாதீர்கள். விட்டுப்போன ஒரு கீற்று கண்ணை உறுத்தினாலும் விடுங்கள், அடுத்த சுற்றில் அது மூடிவிடும். இந்தக் கட்டுப்பாடு வருவதுதான் கஷ்டம். கை பழகும் வரை பழைய தகரப் பலகையில் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பயிற்சி செய்யுங்கள்.

வார்னிஷ் போய்த் தங்கம் வெறுமையாக நிற்கும் இடத்தில் முதல் பூச்சை இன்னும் லேசாக, ஒரே ஒரு தொடுதலாகக் கொடுத்து ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு மற்ற இடங்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம். ஒரு நாளில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். முடிச்சு இழுபட ஆரம்பித்தால் அதன் முகத்தில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. எட்டுப் பத்து சுற்றில் ஆழம் வந்துவிடும். அந்த எண்ணெய் பட்ட துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடேறும். குவியலாகக் கிடந்தால் யாரும் கொளுத்தாமலே தீப்பற்றும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பூச்சு வெளுப்பது ஏன் என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதில் பனிபோலப் படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏர்கான் அறையில் செய்தால் காற்று உலர்ந்திருக்கும், நல்லதுதான். ஆனால் மெஷின் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு. அது குளிர்ந்துவிட்டால் சீக்கிரம் சூடாகாது. பூசிய கையோடு வராந்தாவுக்குத் தூக்கிவந்தால் ஐஸ் தண்ணீர்க் குவளை மாதிரி வேர்க்கும். நான் அப்படி ஒரு முழு நாள் வேலையை வெளுக்க விட்டிருக்கிறேன். அறையிலேயே காய விடுங்கள். வெளுத்துவிட்டால், நல்ல வெயிலுள்ள மதியத்தில் ஸ்பிரிட் தொட்டு நன்றாக ஒற்றியெடுத்த முடிச்சால் ஒரே ஒரு தடவை மேலோட்டமாக இழுத்தால் தெளியும்.

கடைசிச் சுற்று முடிந்து இரண்டு வாரம் கழித்து மெழுகு பாலிஷ் போடலாம். அதற்குள் எதையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

சித்திரமே இல்லையென்றால்

பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் சில சமயம் துருவேறி, தங்கம் மொத்தமும் போன மெஷின் தலைகள் கிடைக்கும். புதுப் பெயின்ட், புது டிகால் எல்லாம் அப்படிப்பட்டவற்றுக்குத்தான். பாதித் தங்கம் இருக்கும் மெஷினில் மீதியைப் புதிதாக ஒட்டாதீர்கள். புதியதன் பக்கத்தில் பழையது அழுக்காகத் தெரியும்.

கறுப்பை உரித்து, பிரைமர் அடித்து, மெல்லிய எனாமல் அடுக்குகளாக ஏற்றுங்கள். வரிசை எண்ணையும் எண்ணெய்த் துளைகளையும் முதலிலேயே டேப்பால் மூடிவிடுங்கள். கார் பெயின்ட் பட்டறையில் அடிக்கும் இரண்டு கலவைப் பெயின்ட் ரொம்ப உறுதியானது. ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, வீட்டில் அடிக்காதீர்கள், பட்டறைக்கே கொடுங்கள். நன்றாக இறுகியதும் டிகாலை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து, டிரேசிங் பேப்பரில் எடுத்த அளவைப் பார்த்துத் தாளிலிருந்து நகர்த்தி இறக்குங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். ஒரு நாள் காய்ந்த பிறகு தெளிவுப் பூச்சு. எந்தப் பூச்சாக இருந்தாலும் மிச்சமான ஒரு டிகால் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள். சில கரைப்பான்கள் அதைச் சுருக்கிவிடும். வீட்டுப் பிரின்டரில் தங்க நிறம் வராது. இங்க்ஜெட்டில் அச்சிட்டது தண்ணீரில் கரைந்தும் போகும். விற்பவர்களிடம் உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவதே நல்லது.

மறுபடி வீட்டுக்குள்

எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, ஊசியில்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் நூல் கோக்கலாம். தைக்கும்போது ஊசி குண்டூசிகளை அடித்தட்டில் போடாதீர்கள். முன்விளிம்பில் முழங்கை உரசாமல் ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம்.

ஆயுத பூஜை வந்ததும் வழக்கம்போலப் பொட்டு வையுங்கள். தங்கத்தின்மேல் மட்டும் வேண்டாம். மெஷின் உட்கார்ந்திருக்கும் மரப்பலகையின் முன்விளிம்பில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பூச்சரத்தைச் சக்கரத்தில் சுற்றுங்கள். ஈரம் சொட்டாமல் உதறிவிட்டு.